வளைந்த பிளேடும் வளையாத மனிதரும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் மூன்றாவது முறையாக ஃபோன் செய்துவிட்டார். கவிதை மட்டும் வேண்டாம், கவிதை ஏற்கெனவே நிறைய வந்து குவிந்துவிட்டது என்றும் சொன்னார். எனக்குக் கவிதை வராது, அதனால் தப்பித்தார்! நான் பிழைப்புக்குச் செய்வது கூலிங் டவருக்கு விசிறி போடும் வேலை. பிளேடு, கோணம், மோட்டார் இழுக்கும் கரண்ட், இதுதான் தினமும். ஆகவே பிளேடு செதுக்கிய ஒரு பெரிய மனிதரைப் பற்றியே எழுதிவிடுகிறேன். பெயர் வில்பர் ரைட். ரைட் சகோதரர்கள் என்று ஒரே மூச்சில் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் மூத்தவர்.

ஏன் இவர் என்றால், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கார்பென்டரி ஷாப்பில் 4 அடி நீளத்துக்கு ஒரு மர புரொப்பெல்லர் செதுக்கினோம். 2 குதிரைத்திறன் மோட்டார், பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து, தள்ளுவண்டி மாதிரி ஒரு சட்டத்தில் ஏற்றி, பின்னால் ஸ்பிரிங் தராசைக் கட்டி எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தோம். கணக்குப்படி 13 கிலோ வர வேண்டும். தராசு ஒன்பதரையைத் தாண்டவே இல்லை. பிளேடு சுற்றும்போது ஒரு மாதிரி படபடவென்று சத்தம் வேறு. வைவாவுக்கு இரண்டே நாள் பாக்கி. நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வில்பர் பிறந்தது 1867 ஏப்ரல் 16, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் மில்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில். அப்பா மில்டன் ரைட் கிறிஸ்தவ சபை ஒன்றில் பிஷப். அம்மா சூசனுக்குத்தான் கைவேலை வரும். வீட்டுச் சாமான் உடைந்தால் சரி பண்ணுவது, பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுப்பது எல்லாம் அவர்தான். வில்பருக்கு நான்கு வயது இளையவர் ஆர்வில். அதற்கும் கீழே கேத்தரின் என்று ஒரு தங்கை. வீட்டிலேயே காலேஜ் முடித்துப் பட்டம் வாங்கிய பெண் அவர், பிறகு பள்ளிக்கூடத்தில் லத்தீன் டீச்சர்.

வில்பர் படிப்பில் கெட்டி. யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு. 1885-86 குளிர்காலத்தில் பனியின் மேல் விளையாடும் ஹாக்கி ஆட்டத்தில் மட்டை முகத்தில் பட்டு முன்பற்கள் போய்விட்டன. பல்லோடு சேர்ந்து தைரியமும் போச்சு. உடம்பு தேறியும் மனசு தேறவில்லை. யேல் பேச்சு அப்படியே நின்றுபோனது. சுமார் மூன்று வருஷம் வீட்டை விட்டு அதிகம் நகராமல், காசநோயில் படுத்திருந்த அம்மாவைக் கவனித்துக்கொண்டு, அப்பாவின் புத்தக அலமாரியைப் படித்துத் தீர்த்தார். 1889இல் அம்மா இறந்தார். ஹைஸ்கூல் சான்றிதழ்கூட அவர் கையில் இல்லை. பள்ளி முடியும் தறுவாயில் குடும்பம் இண்டியானாவின் ரிச்மண்டிலிருந்து ஓஹையோ மாநிலத்து டேட்டனுக்கு வீடு மாறியதில் அது விட்டுப்போனது. பழைய மாணவர் மலரில், எந்தக் காலேஜுக்கும் பழைய மாணவராக இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேனே என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தம்பியோடு சேர்ந்து அச்சகம். 1892இல் சைக்கிள் கடை. 1896 முதல் சொந்தப் பெயரிலேயே சைக்கிள் தயாரிப்பு. அதே வருஷம் ஆகஸ்டில் ஜெர்மனியில் கிளைடர் பறக்கவிட்ட லிலியெந்தால் விழுந்து இறந்த செய்தி வந்தது. அது வில்பரை உலுக்கிவிட்டது. 1899 மே 30ஆம் தேதி, பறத்தல் பற்றி இதுவரை அச்சில் வந்தவை என்னென்ன என்று கேட்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அவர் ஒரு கடிதம் போட்டார். இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1900, 1901 இரண்டு வருஷமும் வட கரோலினா கடற்கரையில் கிட்டி ஹாக் மணல்மேட்டில் கிளைடர் விட்டார்கள். 1901 கிளைடர் கணக்குப் போட்டதில் பாதி அளவுகூட ஒழுங்காகத் தூக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில், நம் ஆயுளில் மனிதன் பறக்கப்போவதில்லை என்று வில்பர் தம்பியிடம் சலித்துக்கொண்டாராம். ஆனால் வீட்டுக்கு வந்து அவர் செய்ததைப் பாருங்கள். தப்பு கிளைடரில் இல்லை, நாம் நம்பிய அட்டவணையில் இருக்கலாமோ என்று சந்தேகப்பட்டார். காற்றழுத்தக் கணக்குக்கு எல்லோரும் பயன்படுத்திய ஓர் எண், ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் பெயரால் வழங்குவது, ஏறக்குறைய 140 வருஷப் பழசு. 0.005 என்று பலரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது 0.0033 பக்கம். பெரிய மனிதர்கள் எழுதியிருக்கிறார்களே என்று பலர் கேட்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் கேட்டார். 6 அடி நீளம், 16 அங்குலச் சதுர வாய் உள்ள ஒரு மரப்பெட்டி, ஒரு முனையில் விசிறி, உள்ளே ஆக்ஸா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் செய்த தராசு. அதில் சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். 1902 கிளைடர் அந்த அளவுகளில் செய்தது. சொன்னபடி பறந்தது.

இனி எஞ்சின் வைக்க வேண்டியதுதான் பாக்கி. புரொப்பெல்லர் ஒரு விஷயமே இல்லை என்றுதான் அண்ணனும் தம்பியும் நினைத்தார்கள். கப்பலுக்கு எத்தனை காலமாகப் புரொப்பெல்லர் இருக்கிறது! அந்த சூத்திரத்தை எடுத்து, தண்ணீருக்குப் பதில் காற்று என்று மாற்றிப் போட்டால் முடிந்தது. நூலகத்துக்குப் போய்த் தேடினால், சூத்திரமே கிடையாது. கப்பல்காரர்கள் ஒன்றை வார்த்துப் போட்டுப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் இன்னொன்று. கப்பலுக்குப் பாதி சக்தி வீணானாலும் கப்பல் நகரும். வெறும் 12 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு ஆளோடு சேர்ந்து சுமார் 340 கிலோவைத் தூக்க வேண்டியவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?

1902-03 குளிர்காலத்தில் நடந்த அந்த வாக்குவாதம்தான் என்னைப் பொறுத்தவரை வில்பரின் வாழ்க்கையிலேயே உச்சம். 17 டிசம்பர்கூட அதற்கு அப்புறம்தான். புரொப்பெல்லர் காற்றைத் திருகிக்கொண்டு போகும் ஸ்குரூ அல்ல, வட்டமாகச் சுற்றிக்கொண்டே முன்னேறும் ஓர் இறக்கை என்று அவர்கள் பிடித்தார்கள். இன்று நமக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், அதனால் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் கணக்கு போட உட்கார்ந்தால் தலை சுற்றும். விமானம் முன்னே போகிறது, பிளேடு சுற்றுகிறது, காற்றோ பின்னால் தள்ளப்படுகிறது. நின்று அளக்க ஒரு நிலையான இடமே இல்லை. பிளேடின் வேர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றும், நுனி வேகமாகச் சுற்றும், ஆகவே ஒவ்வோர் அங்குலத்துக்கும் கோணம் வேறு. கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர், மாடியிலிருந்து இரண்டு பேரும் போடும் சத்தத்தைக் கேட்டுப் பழகிப்போனவர். மணிக்கணக்காகச் சண்டை போட்டு முடிக்கும்போது அண்ணன் தம்பியின் கட்சிக்கும், தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறியிருப்பார்களாம்! கோபம் மட்டும் மிஞ்சாது. நம்ம ஹாஸ்டலில் இப்படி எத்தனை பேரால் முடிந்தது?

ஐந்து நோட்டுப் புத்தகம் நிறையக் கணக்குப் போட்டு முடித்துக் கையில் எடுத்த ஆயுதம், கைக்கோடாரியும் இரு பக்கமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியும். ஸ்ப்ரூஸ் மரப் பலகை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எட்டரை அடி நீளத்துக்குச் செதுக்கி, நுனியில் துணி ஒட்டிப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டு புரொப்பெல்லர், எதிரெதிர் திசையில் சுற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து சைக்கிள் மாதிரியே செயின். ஒரு பக்கத்துச் செயினை மட்டும், ரைஸ் மில்லில் பெல்ட்டைக் குறுக்கே போடுவார்களே, அதுபோல எட்டு வடிவத்தில் திருப்பிவிட்டார்கள். திசை மாறிவிட்டது, கியர் செலவு மிச்சம். நிமிஷத்துக்குச் சுமார் 350 சுற்று. அந்த அளவில் செய்த நகல்களை இந்தக் காலத்துக் காற்றுக்குகையில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். முதல் நாள் பறந்த நிலைமைக்கு 75 சதவீதத்துக்கு மேல் திறன், உச்சத்தில் 82 சதவீதம். இன்றைக்கு நல்ல மர புரொப்பெல்லர் ஒன்று 85 கொடுத்தால் தட்டிக்கொடுப்போம். அன்றைக்கு ஒரு மர ஆசாரியின் கையும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் இருந்தது.

1903 டிசம்பர் கதை எல்லோருக்கும் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புரொப்பெல்லர் தண்டு உடைந்தது, சரிசெய்து வந்தால் திரும்பவும் விரிசல். ஆர்வில் டேட்டனுக்கே போய் ஸ்பிரிங் எஃகில் புதுத் தண்டு கடைந்து கொண்டுவந்தார். கழன்றுகொண்டே இருந்த பல்சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது என்ன தெரியுமா? சைக்கிள் டயர் ஒட்டும் பசை. 14ஆம் தேதி காசு சுண்டியதில் வில்பர் ஜெயித்து ஏறினார், மூன்றரை விநாடியில் மூக்கைக் குத்தி இறங்கினார். 17ஆம் தேதி தம்பியின் முறை, 12 விநாடி, 120 அடி. அன்று நான்காவதாக வில்பர் பறந்தது 59 விநாடி, 852 அடி. ஒன்பது நாள் முன்பு ஸ்மித்சோனியன் தலைவர் லாங்லியின் விமானம், ராணுவம் மட்டுமே 50,000 டாலர் கொடுத்த விமானம், போட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. இவர்களுடைய மொத்தச் செலவு 1,000 டாலருக்கும் உள்ளே. கடைப் பின்கட்டில் சொந்தக் காசில் விமானம் கட்டுகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த ஜாதிக்கு மூத்தவர் இவர்தான்.

இப்போது வளைந்த பிளேடுக்கு வருவோம். அடுத்த இரண்டு வருஷம் டேட்டன் பக்கத்தில் ஹஃப்மன் பிரெய்ரி என்ற மாட்டு மேய்ச்சல் வெளியில் பறந்தார்கள். புது புரொப்பெல்லர்களில் நுனி நல்ல அகலம். ஆனால் கணக்கில் வந்த இழுவை காற்றில் வரவில்லை. எங்கே தப்பு? கணக்கிலா, மரத்திலா? பிளேடு நாம் செதுக்கிய வடிவத்தில் சுற்றவில்லை, காற்றின் அழுத்தத்தில் முறுக்கிக்கொள்கிறது என்று சந்தேகம் வந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு முறுகுகிறதா என்று கண்ணால் எப்படிப் பார்ப்பது? அந்தக் காலத்தில் வழியே இல்லை. அவர்கள் செய்த வேலை என்னை இன்றும் அசத்துகிறது. ஒவ்வொரு பிளேடுக்கும் பின்னால், வால் மாதிரி ஒரு குட்டித் தகட்டைக் கோணம் வைத்துப் பொருத்தினார்கள். முறுக்குகிற அழுத்தத்துக்கு எதிராக அது தள்ளும். முறுக்கம்தான் வியாதி என்றால் இந்த மருந்தில் சரியாக வேண்டும். முறுக்கம் இல்லையென்றால், தகடு வெறும் சுமை, இன்னும் மோசமாகும். லிட்டில் ஜோக்கர் என்று அதற்கு வேடிக்கையாகப் பெயர் வேறு வைத்தார்கள். பொருத்திப் பறந்தார்கள். கோளாறு போயே போச்சு.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு ஒட்டுவேலை. காரணம் தெரிந்துவிட்டது, இனி ஜோக்கர் எதற்கு என்று அவற்றைக் கழற்றிவிட்டு, பிளேடையே நுனிப்பக்கம் பின்னோக்கி வளைத்துச் செதுக்கினார்கள். அரிவாள் மாதிரி ஒரு சாய்வு. மாணவத் தம்பி தங்கைகளுக்காக ஒரு வார்த்தை: பிளேடின் மேல் காற்று தூக்கும் விசை அதன் அகலத்தில் முன்பக்கமாக, ஏறக்குறைய கால் பங்கில் விழுகிறது. மரம் முறுகும் அச்சோ நடுவாக்கில் இருக்கிறது. ஆகவே விசை முன்விளிம்பைத் தூக்கித் திருகப் பார்க்கும். நுனியைப் பின்னால் வளைத்துவிட்டால், அதிக விசை வாங்கும் நுனிப்பகுதி அச்சுக்குப் பின்னே வந்துவிடும், எதிர்ப்பக்கம் திருகும். ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பிளேடு தன்னைத் தானே நேராகப் பிடித்துக்கொள்கிறது. 1905 அக்டோபர் 5ஆம் தேதி வில்பர் 39 நிமிஷம், 24 மைல், வட்டமடித்துக்கொண்டே இருந்தார். பெட்ரோல் தீர்ந்துதான் இறங்கினார்.

இன்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு விற்கும் மர புரொப்பெல்லர்களில் அரிவாள் வளைவைப் பார்க்கலாம். இப்போது அதற்குக் காரணங்கள் கூடிவிட்டன. ரைட் பிளேடின் நுனி விநாடிக்கு 47 மீட்டர்தான் போயிற்று. 5 அடி புரொப்பெல்லரை 3,000 சுற்றில் ஓட்டினால் நுனி விநாடிக்குச் சுமார் 240 மீட்டர், ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கு. அந்த வேகத்தில் சாய்ந்த நுனி, விமானத்தின் சாய்ந்த இறக்கையைப் போலவே, இழுபட்டையும் இரைச்சலையும் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்னொன்று, வளைவை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டிவைத்தால், ஏறும்போது விழும் பாரத்தில் நுனி தானாகக் கோணம் குறைந்து எஞ்சினை ஓட விடும், மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது பழைய கோணத்துக்குத் திரும்பும் என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். மரத்தில் அந்தப் பலன் சொற்பம்தான், விளம்பரத்தை அப்படியே நம்பி யாரும் பர்ஸைத் திறக்க வேண்டாம். ஆனால் அடிப்படை யோசனை ஜோக்கர் தகட்டில் பிறந்ததுதான்: முறுக்கத்தோடு சண்டை போடாமல் வடிவத்தாலேயே அதை அடக்குவது.

1908 ஆகஸ்ட் 8ஆம் தேதி பிரான்சில் லெ மான் பக்கத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் வில்பர் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் பறந்தார். பறந்தது இரண்டு நிமிஷத்துக்குள்தான். பிளேரியோ உட்பட அங்கிருந்த பிரெஞ்சு விமானிகள் வாயடைத்துப் போனார்கள். அதுவரை அவர்களில் பலர் துடுப்பு மாதிரித் தகட்டு பிளேடுகளை வைத்துக்கொண்டு எஞ்சின் போதவில்லை, இன்னும் பெரிய எஞ்சின் வேண்டும் என்று திண்டாடிக்கொண்டிருந்தவர்கள். மறுவருஷம் ஜூலை 25இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோது அவர் மாட்டியிருந்தது ஷோவியேர் என்ற பிரெஞ்சுக்காரர் வால்நட் பலகைகளை ஒட்டிச் செய்த புரொப்பெல்லர். அதன் விளிம்பும் வளைந்ததுதான்.

அதே 1908 செப்டம்பர் 17. அமெரிக்காவில் ஃபோர்ட் மையரில் ராணுவத்துக்குப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார் ஆர்வில், கூட லெப்டினன்ட் செல்ஃப்ரிட்ஜ். புதிதாகப் போட்ட புரொப்பெல்லரில் ஒரு பிளேடு நீளவாக்கில் விரிசல் விட்டது. அதிர்ந்து ஆடி, வால் சுக்கானைப் பிடித்திருந்த கம்பியை அறுத்தது. விமானம் தலைகுப்புற விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் உலகத்திலேயே முதல் சாவு அதுதான். ஆர்வில்லுக்குத் தொடையும் விலாவும் முறிந்தன. கேத்தரின் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஓடி, வாரக்கணக்கில் கூட இருந்து அண்ணனைத் தேற்றினார்.

செய்தி கிடைத்தபோது வில்பர் கடல் கடந்து பிரான்சில். பக்கத்தில் நான் இருந்திருந்தால் தம்பியை ஆட்கள் சூழ்ந்துகொண்டு தொந்தரவு பண்ணாமல் பார்த்திருப்பேன், அவன் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துத் தட்டிப் பார்த்திருப்பான் என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். மரத்தையோ பசையையோ அதிர்ஷ்டத்தையோ அவர் குறை சொல்லவில்லை. நான்கே நாளில், 21ஆம் தேதி, ஒன்றரை மணி நேரம் பறந்தார். அந்த வருஷக் கடைசி நாளில் 2 மணி 20 நிமிஷம். அந்த நான்கு நாள் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. நம் கையில் செய்த ஒரு பிளேடு உடைந்து ஓர் ஆள் செத்துப்போனால்? எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பிளேடையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் வெளியே அனுப்புவேன். சின்னப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

1909க்குப் பிறகுள்ள வில்பரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1906இல் கிடைத்த பேட்டன்டைக் காப்பாற்ற கோர்ட்டு, வக்கீல், சாட்சி. கர்ட்டிஸ் மீது வழக்கு, ஐரோப்பாவில் வழக்கு. ஆரம்ப நாளிலிருந்து தோள்கொடுத்த கிழவர் ஷனூட்டோடும் இந்த விஷயத்தில் மனக்கசப்பு, 1910இல் அவர் இறக்கும்வரை பழையபடி ஆகவில்லை. பிளேடை வளைத்தவர் தான் மட்டும் வளைய மாட்டேன் என்று நின்றார். உழைப்பு அவருடையது, திருடினால் கோபம் வராதா என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த மூளை மூன்று வருஷம் பிரமாண வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்ததே! அப்போது புதிதாக எதையும் சோதிக்க அவருக்கு நேரமே இருக்கவில்லை. சந்தோஷமான நாள் ஒன்று மட்டும் உண்டு. 1910 மே 25இல் அண்ணனும் தம்பியும் முதலும் கடைசியுமாக ஒரே விமானத்தில் சேர்ந்து பறந்தார்கள். ஒரே விபத்தில் இருவரும் போய்விடக்கூடாது என்று அதுவரை அப்பா விடவில்லை. அன்றே 81 வயது அப்பாவையும் ஆர்வில் மேலே கூட்டிப்போனார்.

1912 மே மாதம் டைபாய்டு. நான்கு வாரம் போராடி, மே 30ஆம் தேதி டேட்டன் வீட்டில் இறந்தார். ஸ்மித்சோனியனுக்குக் கடிதம் எழுதிச் சரியாக 13 வருஷம். வயது 45. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வழக்கில் மேல்கோர்ட்டு தீர்ப்பு 1914இல் அவர்கள் பக்கம் வந்தது. அவர் பார்க்கவில்லை. ரிச்மண்ட் ஹைஸ்கூல், விட்டுப்போன அந்தச் சான்றிதழை 1994 ஏப்ரல் 16இல், அவருடைய 127ஆவது பிறந்தநாளில், அவர் பெயருக்கு வழங்கியது.

எங்கள் புராஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். தராசு காட்டியது ஒன்பதரை கிலோ. தராசு பழசு, ஸ்பிரிங் தொய்ந்திருக்கும் என்று எங்களுக்குள் தீர்மானித்து ரெக்கார்டில் பன்னிரண்டரை என்று எழுதினோம். நல்ல மார்க்கும் வாங்கினோம். லிட்டில் ஜோக்கர் சங்கதியை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து வருஷம் கழித்து. படித்த ராத்திரி எனக்கு அந்தப் படபடச் சத்தம்தான் காதில் கேட்டது. எங்கள் பிளேடு மெலிசு, நுனி அகலம். முறுகித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இப்போது நிரூபிக்க முடியாது, அந்த புரொப்பெல்லரை ஷாப்பில் எதற்கோ அறுத்துவிட்டார்களாம். ரெக்கார்டு நோட்டு மட்டும் டிபார்ட்மென்ட் அலமாரியில் இன்னும் இருக்கிறது என்று கேள்வி. தம்பிமார் யாராவது அதை எடுத்துப் பார்த்தால், கடைசி அட்டவணையில் 12.5 என்று இருப்பதை அடித்துவிட்டு 9.5 என்று எழுதிவிடுங்கள். மற்ற மூன்று பேரிடமும் கேட்டுவிட்டேன், சம்மதம்தான்.